முதல் வவுச்சர் யார் பெயரில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நொடித்துப்போகும் நிறுவனங்களை அரசு தூக்கிவிடலாமா என்று நீங்கள் எழுதிய தலையங்கத்தையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் இரண்டு வாரமாகப் படித்து வருகிறேன். 'லாபம் வந்தபோது எங்களுக்குப் பங்கு கொடுத்தார்களா, நட்டம் வந்தால் மட்டும் எங்கள் வரிப்பணம் எதற்கு' என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். 'முதலாளியை விடுங்கள், அங்கே வேலை செய்கிறவர்களின் குடும்பத்தைப் பாருங்கள்' என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர்களில் யாரும் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. நான் பார்த்திருக்கிறேன். அதற்கு வவுச்சர் எழுதியவளே நான்தான்.

பதினெட்டு வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். இயந்திர உதிரிபாகம் செய்கிற நிறுவனம், அறுநூறு பேருக்கு மேல் வேலை செய்தோம் என்பது போதும். நல்ல காலத்தில் வந்த லாபத்தைத் தொழிலில் போடாமல், அதோடு கடனும் வாங்கி, சம்பந்தமே இல்லாத நில வியாபாரத்தில் இறக்கினார் எங்கள் எம்.டி. நிலத்தின் விலை இறங்கியது, வட்டி இறங்கவில்லை. மூன்று வருடத்தில் சம்பளம் பத்தாம் தேதி, இருபதாம் தேதி என்று தள்ளிப்போய், அப்புறம் மாதக்கணக்கில் நின்றுபோனது. தொழிற்சங்கம் ஊர்வலம் போனது, மக்கள் பிரதிநிதிகள் சபையில் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின. கடைசியில் அரசு உத்தரவாதத்தோடு வங்கி புதுக் கடன் கொடுத்தது. அறிவிப்பு வந்த அன்று ஷெட்டில் எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

பணம் கணக்கில் ஏறிய நாள் மாலை நாலு மணி இருக்கும். ஃபைனான்ஸ் மேனேஜர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். யாருக்கு எவ்வளவு என்று வரிசை போட்டிருந்தது. முதல் வவுச்சர், கடன் கொடுத்த அதே வங்கியின் பெயரில். பழைய கடனுக்கு ஓவர்டியூ ஆகிக் கிடந்த வட்டியும் தவணையும். வந்த நூறில் நாற்பத்தைந்து வந்த வாசலிலேயே திரும்பிப் போனது. அந்த வங்கியின் புத்தகத்தில் வாராக்கடனாக எழுதப்பட வேண்டிய ஒன்று, ஒரே சாயங்காலத்தில் ஒழுங்காகக் கட்டப்படும் நல்ல கடனாகிவிட்டது. ஆபத்து மட்டும் வங்கியின் தலையிலிருந்து இறங்கி அரசின் தலையில் ஏறிக்கொண்டது. இரண்டாவது வவுச்சர், எம்.டி.யின் உறவினர் நடத்திய ஒரு கம்பெனிக்கு. விவரம் எழுதும் இடத்தில் 'கைமாற்று திருப்பிச் செலுத்தியது' என்று போடச் சொன்னார்கள். மூன்றாவது, எங்களை மீட்கத் திட்டம் தயாரித்துக் கொடுத்த ஆலோசகர்களின் கட்டணம். ஐந்து மாதச் சம்பள பாக்கியில் இரண்டு மாதம் ஏழாவது வவுச்சரில் வந்தது. சப்ளையர்கள் அந்தத் தாளிலேயே இல்லை.

எங்களுக்கு வாஷரும் புஷ்ஷும் செய்து கொடுத்த ஒரு பெரியவர் இருந்தார். எட்டு ஆட்கள் வைத்துச் சொந்தப் பட்டறை. பதினாலு மாத பில் நிலுவை. செவ்வாய்க்கிழமை தோறும் வந்து என் எதிரே இருந்த நாற்காலியில் உட்காருவார். 'அம்மா, பேப்பர்ல போட்டிருக்கானே, பணம் வந்துடுச்சாமே?' என்று அந்த வாரம் கேட்டார். பட்டியலில் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். 'அடுத்த லாட்டில் பார்க்கலாம் ஐயா' என்றேன். மேலே இருந்து சொல்லச் சொன்னது அது. அடுத்த லாட் என்று ஒன்று கிடையவே கிடையாது. மூன்று மாதம் கழித்து அவர் பட்டறையை மூடினார். எட்டுப் பேர் வேலை போனதற்கு எந்தப் பத்திரிகையும் தலைப்புப் போடவில்லை, உங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கம்பெனி அதற்குப் பிறகு பத்தொன்பது மாதம் ஓடியது. பிறகு கேட்டைப் பூட்டினார்கள். அந்தப் பத்தொன்பது மாதமும் எனக்குச் சம்பளம் வந்தது. அதற்குள் இன்னொரு வேலை தேடிக்கொண்டேன். அந்த அவகாசத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஊரார் பணம்தான். இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கடிதமும் பொய்க்கணக்காகிவிடும். ஆகவே 'ஒரு காசும் தராதே, மூழ்குகிறவன் மூழ்கட்டும்' என்று நான் சொல்லப் போவதில்லை. பணம் வந்த பிறகு முதல் வவுச்சர் யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதைத்தான் பேச வேண்டும் என்கிறேன்.

இது என் சின்னக் கம்பெனியின் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு போட்டது. அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றது. மறுநாளே ஏ.ஐ.ஜி. என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கடன் அறிவிக்கப்பட்டது. அது பிறகு இன்னும் பெருகியது. காப்பீட்டு நிறுவனம் எப்படி அந்த நிலைக்கு வந்தது? வங்கிகள் கையில் வைத்திருந்த வீட்டுக்கடன் பத்திரங்கள் கெட்டுப்போனால் ஈடுகட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தது. கெட்டுப்போயின. ஈடுகட்ட அதனிடம் கையிருப்பு இல்லை. அரசின் பணம் உள்ளே போய், கோல்ட்மன் சாக்ஸ், சொசியத்தே ஜெனரால், டாய்ச்சே வங்கி போன்ற பெரிய வங்கிகளிடம் நூற்றுக்கு நூறாக வெளியே வந்தது. சாதாரணத் திவால் வழக்காக இருந்தால் இவர்கள் நூற்றுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று வரிசையில் நின்றிருப்பார்கள். 'கொஞ்சம் தள்ளுபடி கொடுங்கள்' என்று அரசுத் தரப்பில் பேரம் பேசியும் நடக்கவில்லை. காப்பாற்றப்பட்டது ஏ.ஐ.ஜி. என்று பலகையில் எழுதியிருந்தது. பேரேட்டைப் புரட்டினால் வேறு பெயர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு என் மேஜையில் இருந்த தாள்தான் ஞாபகம் வந்தது.

2009 மார்ச்சில் ஏ.ஐ.ஜி.யின் எந்தப் பிரிவு இந்த வினையை இழுத்துவிட்டதோ, அதே பிரிவின் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் போனது. ஊரே கொதித்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, மீற முடியாது என்றார்கள். வாஷர் செய்து கொடுத்த பெரியவரிடமும் ஒப்பந்தம் இருந்தது, பர்ச்சேஸ் ஆர்டர் என்று அதற்குப் பெயர்.

இதில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏ.ஐ.ஜி. விஷயத்தில் அரசு சும்மா கொடுக்கவில்லை. 79.9 சதவீத உரிமையை எழுதி வாங்கிக்கொண்டது. 2012இல் கடைசிப் பங்கை விற்றபோது போட்டதற்கு மேல் சுமார் 2,270 கோடி டாலர் கிடைத்ததாகக் கணக்குக் காட்டியது. இதற்கு என்ன நடந்தது தெரியுமா? நிறுவனத்தின் முன்னாள் தலைவருடைய கம்பெனி, பழைய பங்குதாரர் என்ற முறையில், 'எங்கள் உரிமையை அநியாயமாகப் பறித்துவிட்டார்கள்' என்று அரசின் மேலேயே வழக்குப் போட்டது! கிணற்றில் விழுந்தவனைத் தூக்கிவிட்டால், சட்டை கிழிந்துவிட்டது, புதுச் சட்டை கொடு என்று கேட்ட கதை. 2015இல் நீதிபதி, அரசு சட்ட வரம்பை மீறித்தான் பங்கை எடுத்தது என்றும், ஆனால் நட்ட ஈடு பூஜ்யம் என்றும் தீர்ப்பளித்தார். அரசு வராமல் இருந்திருந்தால் அந்தப் பங்குக்கு மதிப்பே இருந்திருக்காது என்பது காரணம். 2017இல் மேல்முறையீட்டில் அந்த வழக்கே நிற்காது என்று ஆனது. எனக்கு அந்த 2015 தீர்ப்பின் கணக்கு பிடிக்கும். மீட்பு வராவிட்டால் உன் பங்கின் மதிப்பு என்னவோ, அதுதான் மீட்பு வந்த பிறகும் உனக்கு உரியது.

லேமனை விட்டதைப் பார்த்தீர்களா, அப்படித்தான் எல்லோரையும் விட வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் அடுத்த நாள் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்று ஒரு நிதி. கையில் உள்ள ரொக்கத்துக்குச் சமம் என்று நம்பி மக்களும் நிறுவனங்களும் பணம் போட்டு வைத்த இடம். அது லேமனின் கடன் பத்திரங்கள் 78.5 கோடி டாலருக்கு வைத்திருந்தது. அதன் ஒரு டாலர் யூனிட் ஒரு டாலருக்குக் கீழே போனதும், அதைப் போன்ற மற்ற நிதிகளிலிருந்தும் எல்லோரும் பணத்தை எடுக்க ஓடினார்கள். அந்த நிதிகள்தான் எத்தனையோ நல்ல கம்பெனிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுத்து வந்தவை. ஒழுங்காக நடக்கும் தொழிலுக்கும் சம்பளம் போடக் கடன் கிடைக்காத நிலை வந்தது. உதிரிபாகத் தொழிற்சாலை மூடினால் போட்டியாளருக்கு ஆர்டர் போகும். வங்கி மூடினால் போட்டி வங்கியின் வாசலிலும் கூட்டம் கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. ஆனால் இந்த வித்தியாசத்தைக் காட்டியே உதிரிபாகத் தொழிற்சாலைக்காரரும் வங்கி வேஷம் போட்டு வந்து நிற்பார் என்பதையும் மறக்கக் கூடாது.

எப்போது கொடுக்கலாம் என்பதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. சொன்னவர் உங்களைப் போல ஒரு பத்திரிகை ஆசிரியர்தான். இங்கிலாந்தில் வால்டர் பேஜட், 1873இல். பீதி பரவும்போது மைய வங்கி தாராளமாகக் கடன் கொடுக்க வேண்டும், ஆனால் நல்ல அடமானத்தின் மேல், கூடுதல் வட்டிக்கு. சொத்து இருக்கிறது, கைக்காசு இல்லை என்பவனுக்கு இது பொருந்தும். சொத்தை விடக் கடனே அதிகம் என்பவனுக்குப் பொருந்தாது. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் இதில் உள்ள சூட்சுமம். எங்கள் குடோனில் யாரும் வாங்காத சரக்கு மூன்று வருடமாகத் துரு ஏறிக் கிடந்தது. ஐந்தொகையில், அதாவது பேலன்ஸ் ஷீட்டில், அது செய்த செலவு மதிப்பிலேயே நின்றது. வசூலாகவே ஆகாத பாக்கிகள் 'வர வேண்டியவை'யில் நின்றன. நிலம் வாங்கிய விலையில் நின்றது. தாளில் பார்த்தால் எங்களுக்குக் கைக்காசுதான் தட்டுப்பாடு, சொத்து ஏராளம். ஆடிட்டர் கையெழுத்தும் இருந்தது. முழுகிப்போன கம்பெனி எதுவும் தன்னை முழுகிப்போனது என்று சொல்லிக்கொண்டு அரசிடம் வராது. 'தற்காலிக நெருக்கடி' என்றுதான் வரும்.

சரி, கொடுத்துவிட்ட பிறகு என்ன ஆகிறது? யானோஷ் கோர்னாய் என்று ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் ஒருவர் இருந்தார். சோஷலிச ஆட்சியில் அரசுத் தொழிற்சாலைகளைக் கவனித்து அவர் ஒன்றைச் சொன்னார். எவ்வளவு நட்டம் வந்தாலும் மேலே இருந்து யாராவது நிரப்புவார்கள் என்று தெரிந்துவிட்டால், வரவுக்குள் செலவு என்ற கட்டுப்பாடு ரப்பர்போல இளகிவிடும். அப்புறம் நிர்வாகியின் கவனம் பட்டறையில் இருக்காது, அமைச்சகத்தின் வராந்தாவில் இருக்கும். முதலாளித்துவ நாட்டிலும் இது அட்சரம் பிசகாமல் நடக்கும் என்பதற்கு நான் சாட்சி. பணம் வந்த பிறகு எங்கள் எம்.டி. வாரத்தில் மூன்று நாள் தலைநகரில்தான் இருந்தார். இரண்டாவது தவணைக்கு ஆள் பிடிக்க. ஒரு புது வாடிக்கையாளரைக்கூட அந்தப் பத்தொன்பது மாதத்தில் அவர் போய்ப் பார்த்ததாக டிராவல் பில் வரவில்லை. எனக்குத் தெரியும், பில்களை பாஸ் பண்ணியது நான்.

ஜப்பானில் 1990களில் இதையே வங்கிகள் செய்தன. பழைய கடன் முழுகிவிட்டது என்று எழுதினால் தங்கள் மூலதனம் அடிபடும் என்பதால், அந்தக் கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன் கொடுத்தன. உயிரும் இல்லை, சாவும் இல்லை என்று நடமாடிய அந்தக் கம்பெனிகளுக்கு 'ஸாம்பி' என்று பெயர் வந்தது. அவை அடக்க விலைக்கும் கீழே விற்றுச் சந்தையைக் கெடுத்ததால், ஒழுங்காக நடந்த போட்டியாளர்களுக்கு மூச்சுமுட்டியது. காப்பாற்றியதால் யார் வேலை பிழைத்தது என்று எண்ணுகிறோம். காப்பாற்றியதால் எவன் தொழில் தொடங்கவே முடியாமல் போனது என்று எண்ண ஆளில்லை.

சுவீடன் நாட்டை இங்கே சொல்ல வேண்டும். 1992இல் அங்கே வங்கிகள் வரிசையாக ஆட்டம் கண்டன. டெபாசிட்காரர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் அரசு பொறுப்பு என்று அறிவித்தது. ஆனால் அதோடு, அரசிடம் வருகிற வங்கி தன் ஓட்டைகளை முழுசாகத் திறந்து காட்ட வேண்டும், நட்டம் முதலில் பங்குதாரர் கணக்கில் இறங்கும், அரசு போடும் பணத்துக்கு உரிமை எழுதிக்கொள்ளும் என்றும் சொல்லிவிட்டது. நூர்ட்பாங்கென், யோட்டா ஆகிய வங்கிகள் முழுசாக அரசின் கைக்கு வந்தன. கெட்ட கடன்களைப் பிரித்து செக்யூரம் என்று தனி நிறுவனம் வைத்து நிதானமாக விற்றார்கள். இதில் எனக்கு மிகப் பிடித்தது எஸ்.இ.பி. வங்கியின் கதை. அதுவும் உதவி கேட்டு விண்ணப்பம் போட்டது. பிறகு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, சொந்தப் பங்குதாரர்களிடமே மூலதனம் திரட்டிக்கொண்டது. 'பணமே இல்லை' என்பதற்கும் 'என் பணத்தைப் போட மனசில்லை' என்பதற்கும் உள்ள தூரத்தை நிபந்தனை ஒன்றுதான் அளந்து காட்டும். எங்கள் எம்.டி.யிடம் அன்றைக்கு யாராவது 'முதலில் உன் பங்கு போகும்' என்று சொல்லியிருந்தால், அந்த நிலத்தில் பாதியாவது விலைபோயிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அயர்லாந்து இதற்கு நேர் எதிர். 2008 செப்டம்பர் 30ஆம் தேதி விடியும்போது ஆறு நிதி நிறுவனங்களின் ஏறக்குறைய 44,000 கோடி யூரோ பொறுப்புகளுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. ஓட்டை எவ்வளவு பெரியது என்று அளக்கும் முன்பே கொடுத்த வாக்கு. வங்கிகளைத் தூக்கிவிட முடிவில் சுமார் 6,400 கோடி யூரோ போனது. 2010இல் அரசே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் கையேந்தியது. ஐஸ்லாந்தில் மூன்று பெரிய வங்கிகள் விழுந்தபோது அவை நாட்டின் மொத்த உற்பத்தியைப் போல் பல மடங்கு பெரியவை. காப்பாற்ற நினைத்தாலும் முடிந்திருக்காது. உள்நாட்டு டெபாசிட்டைக் காப்பாற்றி, வெளிநாட்டுக் கடன்காரர்களை நட்டப்பட விட்டார்கள், வங்கியாளர்கள் சிலர் சிறைக்கும் போனார்கள். இதைப் பலர் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பு பாதியாகச் சரிந்து, வெளிநாட்டு நாணயத்தில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பட்ட பாட்டை அவர்கள் சொல்வதில்லை.

'அரசுக்குக் கடைசியில் லாபம்தானே' என்று ஒரு வாதம் வந்திருந்தது. உண்மைதான், அமெரிக்கா 2008 மீட்புத் திட்டத்தில் வங்கிகளில் போட்ட சுமார் 24,500 கோடி டாலருக்கு 27,000 கோடிக்கும் மேலாகத் திரும்ப வந்தது. ஆனால் வேறு யாருமே கடன் கொடுக்க மறுத்த நாளில் கொடுத்த பணத்துக்கு என்ன விலை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், அந்த லாபம் இளைத்துவிடும். வீடு எரிந்துகொண்டிருக்கும்போது வந்து காப்பீடு கேட்கிறவனிடம் பழைய பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, கடைசியில் தீ அணைந்துவிட்டது, எனக்கு பிரீமியம் லாபம் என்று சொல்வது என்ன கணக்கு? பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தில் போட்ட 4,550 கோடி பவுண்டுக்கு அந்த லாபம்கூட வரவில்லை. கடைசிப் பங்கை விற்று வெளியேற 2025 மே மாதம் வரை ஆயிற்று, ஆயிரம் கோடி பவுண்டு அளவுக்குக் கைவிட்டும் போனது.

கிரைஸ்லர் கதையில் வேறொரு பாடம் இருக்கிறது. 1979இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கார் நிறுவனத்துக்கு 150 கோடி டாலர் வரை கடன் உத்தரவாதம் கொடுக்கச் சட்டம் போட்டது. தொழிலாளர்கள் கூலியில் விட்டுக்கொடுக்க வேண்டும், வங்கிகள் கடனில் விட்டுக்கொடுக்க வேண்டும், அரசுக்குப் பின்னாளில் குறிப்பிட்ட விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையும் வேண்டும் என்று நிபந்தனை. 1983இல் கெடுவுக்கு ஏழு வருடம் முன்னதாகவே கடனை அடைத்தார்கள். பங்கு விலை ஏறியிருந்தது. உடனே தலைவர் லீ அயகோக்கா, அந்த உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று அரசிடம் கேட்டார்! அரசு ஏலம் விட்டது. கிரைஸ்லரே 31.1 கோடி டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. கஷ்டத்தில் கையெழுத்துப் போட்டதை நல்ல நாளில் திரும்பக் கேட்பது முதலாளியின் இயல்பு, தவறென்று சொல்ல மாட்டேன். திரும்பக் கொடுக்காமல் இருப்பது அரசின் வேலை. அதே கிரைஸ்லர் 2008இல் மறுபடியும் வாசலில் வந்து நின்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த முறை டெட்ராய்ட்டின் மூன்று கார் கம்பெனித் தலைவர்களும் ஆளுக்கொரு தனி விமானத்தில் வந்து இறங்கி உதவி கேட்டு, திட்டு வாங்கி, அடுத்த மாதம் காரில் வந்தார்கள்.

அந்த மூன்றில் ஒன்றான ஜெனரல் மோட்டார்ஸின் மீட்பில் பழைய பங்குதாரர்கள் முழுசாகத் துடைக்கப்பட்டார்கள், தலைவர் ரிக் வேகனரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதெல்லாம் சரி. ஆனால் அதற்கு உதிரிபாகம் செய்து வந்த டெல்ஃபையில் என்ன ஆயிற்று பாருங்கள். ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்து ஓய்வு பெற்றவர்களில், சங்கத்துக்காரர்களின் பென்ஷனில் விழுந்த பள்ளத்தை ஜெனரல் மோட்டார்ஸ் நிரப்பியது. சங்கம் இல்லாத மாதச் சம்பள ஊழியர்களுக்கு அப்படி நிரப்ப ஆளில்லை. பலருக்குப் பென்ஷனில் பெரும் வெட்டு. நான் சங்கத்துக்கு எதிரி இல்லை, எங்கள் சங்கம் இல்லாவிட்டால் அந்த ஏழாவது வவுச்சரும் வந்திருக்காது. ஆனால் சத்தம் போட ஆள் உள்ளவனுக்கு முன்வரிசை, இல்லாதவனுக்கு வெளிவாசல் என்பது மீட்புப் பணத்தின் சுபாவம் என்று சொல்கிறேன்.

2020 தொற்றுக் காலத்தை யாரும் எழுதவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. அது முதலாளியின் தப்பால் வந்த நட்டம் இல்லை. இருந்தாலும் பணத்தை எந்தக் குழாய் வழியாக அனுப்பினார்கள் என்பதில் பெரிய வித்தியாசம். ஜெர்மனியில் 'குறைவேலை' ஏற்பாடு முன்பே இருந்தது. ஆளை நிறுத்தாமல் வேலை நேரத்தைக் குறைத்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை உள்ளவர்களுக்கு 67 சதவீதம் அரசு அமைப்பு ஈடுகட்டும். அந்த வசந்த காலத்தில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் இதில் இருந்தார்கள். அமெரிக்கா சிறு நிறுவனங்களின் முதலாளிகளுக்கு, சம்பளம் கொடுத்தால் கடன் தள்ளுபடி என்று சொல்லி 80,000 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்தது. பிற்பாடு டேவிட் ஆட்டர் முதலிய பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்ததில், இல்லாவிட்டால் வேலை இழந்திருப்பார்கள் என்று சொல்லத்தக்கவர்களின் கைக்குப் போனது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான். மிச்சம் முதலாளிக்கும் கடன்காரர்களுக்கும். அதே வருடம் லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்கு ஜெர்மனி 900 கோடி யூரோ உதவி அறிவித்தபோது, பங்குக்கு 2.56 யூரோ வீதம், சந்தை விலையில் ஒரு சிறு பகுதிக்கு, 20 சதவீதம் எழுதி வாங்கியது. டிவிடெண்ட் கூடாது என்றது. பெரும் பங்குதாரர் ஒருவர் குதித்தார், ஓட்டெடுப்பில் கடைசியில் சம்மதித்தார். 2022இல் அரசு அந்தப் பங்கை விற்று 76 கோடி யூரோ லாபத்தோடு வெளியே வந்தது.

பணமே கொடுக்காமலும் காப்பாற்றலாம். 2009 ஜனவரியில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடியை அதன் தலைவரே ஒப்புக்கொண்டபோது, இந்திய அரசு இரண்டு மூன்று நாளில் இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதியவர்களை நியமித்தது. நிறுவனத்துக்குள் அரசுப் பணம் போகவில்லை. ஏப்ரலில் ஏலத்தில் டெக் மஹிந்திரா எடுத்தது, ஐம்பதாயிரம் பேர் அளவிலான நிறுவனம் உருக்குலையாமல் கைமாறியது. அங்கே கெட்டுப்போயிருந்தது கணக்கும் தலைமையும்தான், தொழில் இல்லை. எங்கள் கம்பெனியிலும் லேத்துகளுக்கு ஒரு குறையும் இல்லை, ஓட்டியவர்களுக்கும் இல்லை. எம்.டி. அறையை மட்டும் பூட்டியிருந்தால் போதும் என்று மூத்த டர்னர் ஒருவர் சொல்வார், அன்று அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டோம்.

ஆகவே தலையங்கத்தில் கேட்டிருந்த 'காப்பாற்றலாமா, கூடாதா' என்ற கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. அதற்கு முன்பு கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்கிறேன். மீட்பு அறிவிப்பு வரும் நாளில் உங்கள் நிருபர்கள் மொத்தத் தொகையையும் 'இத்தனை ஆயிரம் வேலை பிழைத்தது' என்பதையும் தலைப்பில் போடுகிறார்கள். முதல் முப்பது நாளின் பணப் பட்டுவாடாப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி வெளியிட்ட பத்திரிகை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பொதுப்பணம் தொட்ட கணக்குதானே, கேட்க உரிமை இருக்கிறது. வங்கிக்கு எவ்வளவு, உறவினர் கம்பெனிக்கு எவ்வளவு, ஆலோசகருக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு, சப்ளையருக்கு எவ்வளவு. இரண்டு பக்கம் வரும். எந்தக் கணக்காளரும் அரை நாளில் எடுத்துக் கொடுத்துவிடுவார். கொடுக்க மறுத்தால் அதையே செய்தியாகப் போடுங்கள்.

கம்பெனி மூடிய வாரம், பேரேடுகளைக் கட்டி அதிகாரிகளிடம் ஒப்படைக்கும் வேலை எனக்கு வந்தது. பெரியவரின் பக்கம் 214. பதினாலு மாத பாக்கி அப்படியே நின்றது. அடியில் பென்சிலில் 'அடுத்த லாட்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. அதை அழிக்காமலேயே கட்டிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்)